பிடுங்கிய பீஸ் கட்டை

மின்கட்டணம் பாக்கி என்றால் மின்வாரிய ஊழியர் வந்து பிடுங்கிக்கொண்டு போவது ஃபியூஸ் கம்பி சுற்றிய அந்த வெள்ளைப் பீங்கான் கட்டையைத்தான். ‘பீஸைப் பிடுங்கிட்டாங்க’ என்ற பேச்சில் வீட்டு மானமே கப்பலேறியது. அந்தக் கட்டை பிறந்த ஊர்களில் ஒன்று விருத்தாசலம். அங்குள்ள செராமிக் தொழிற்பேட்டையின் சிறு பட்டறைகளில் அகல்விளக்கு, பொம்மைகளோடு மின்சாமான் பீங்கானும் ஒரு பிழைப்பு.

பக்கத்து நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்காக அகற்றும் மேல்மண்ணிலேயே வெள்ளைக் களிமண்ணும் உண்டு. ஏறக்குறையப் பாதி களிமண், மீதி ஃபெல்ட்ஸ்பாரும் குவார்ட்ஸும். மின்பீங்கானின் வழக்கமான கூட்டு இது. அச்சில் அழுத்தி, காயவைத்து, கிளேஸ் பூசிச் சூளையில் அடுக்குவார்கள்.

உள்ளே நடப்பதுதான் கட்டையின் தலையெழுத்து. 500, 600 டிகிரி அளவில் களிமண்ணின் அணுக்கட்டமைப்பிலேயே பிணைந்திருந்த நீர் வெளியேறுகிறது. 1,200 டிகிரியைத் தாண்டும்போது ஃபெல்ட்ஸ்பார் உருகி, கண்ணாடிபோல் பரவி, துளைகளை அடைத்துவிடுகிறது. அதன்பின் மாதக்கணக்கில் ஊறப்போட்டாலும் அது குழையாது. இரும்பை உருக்கி மறுபடி இரும்பாக்கலாம். வெந்த களிமண்ணுக்கு அந்த வழி கிடையாது.

பிறகு, மின்னோட்டம் மிகுந்தால் தானே அணையும் எம்.சி.பி. சுவிட்ச் வந்தது. கம்பி சுற்றும் வேலை போயிற்று, கட்டைகளும் சுவரிலிருந்து இறங்கின. பழைய இரும்புக் கடையில் கட்டையிலுள்ள பித்தளைக்கு மட்டும் எடை. பீங்கான் குப்பைமேட்டுக்கு.

எனக்கென்னவோ, அந்தக் கட்டைக்கு மொட்டைமாடியில், வெயிலில் வெந்நீர் காய்ச்சும் பெட்டிக்குள் இன்னொரு வேலை இருப்பதாகத் தோன்றுகிறது. கண்ணாடி மூடிய பெட்டி வெயிலைச் சிறைபிடிக்கும் என்று ஸ்விட்சர்லாந்தின் சொசூர் 1767-லேயே காட்டிவிட்டார். பிரேசிலில் ஜோசே அலானோ 2002-இல் காலி பிளாஸ்டிக் பாட்டில்களையும் பால் அட்டைப்பெட்டிகளையும் கொண்டே வெந்நீர் சாதனம் செய்தார். நமக்குக் கறுப்படித்த எண்ணெய் டின் ஒன்று, இடித்த வீட்டு ஜன்னல் கண்ணாடி, ஒரு மரப்பெட்டி, சுற்றிலும் திணிக்க உமி போதும். தெர்மாகோல் வேண்டாம், தண்ணீரில்லாமல் வெயிலில் கிடந்தால் பெட்டிச் சூட்டில் அது இளகிவிடும். டின்னை இறுக்கி மூடவும் கூடாது. குளிக்கத்தான் இந்தத் தண்ணீர், குடிக்க அல்ல. வெந்நீர் தேவைப்படும் மார்கழியில் நம் பக்கத்து நண்பகல் சூரியன் உச்சியிலிருந்து சுமார் 35 டிகிரி தெற்கே இருக்கும், ஆகவே கண்ணாடி தெற்கே சாயட்டும்.

டின்னை எதன்மேல் உட்காரவைப்பது என்பதில்தான் பலரும் கோட்டைவிடுவார்கள். இரும்புச் சட்டத்தின்மேல் வைத்தால் சேர்த்த சூடு கால்வழியே இறங்கிவிடும். பீங்கான் கடத்துவது இரும்பில் ஏறத்தாழ முப்பதில் ஒரு பங்குதான். மரம் இன்னும் குறைவாகவே கடத்தும், உண்மைதான். ஆனால் ஈரத்தில் உளுத்து, கரையானுக்கு இரையாகும். பீங்கானுக்கு அந்தக் கவலையில்லை. நாலு மூலையில் நாலு பீஸ் கட்டைகள், இடிபட்டு விரியாதிருக்க மேலே பழைய சைக்கிள் டியூப் துண்டு. ஒரே ஆம்பியர், ஒரே மாதிரிக் கட்டைகளாகப் பொறுக்கினால் உயரம் ஒத்துவரும். பித்தளையைக் கழற்றிவிட வேண்டும். அது சூட்டைக் கடத்தும், தவிர கடைக்காரர் காசு தருவது அதற்கு மட்டும்தான்.