சட்ட உளமருத்துவக் காப்பும் குடும்பத்தினரும்

சட்ட உளமருத்துவக் காப்பு என்பது உளநோயுற்ற நிலையில் குற்றச்செயல் புரிந்த ஒருவரை, நீதிமன்ற ஆணையின்படி பாதுகாப்பு மிக்க மருத்துவமனையில் வைத்துச் சிகிச்சை அளிக்கும் முறையாகும். இவ்வாறு வைக்கப்பட்டவரின் குடும்பத்தினர் நோயாளரின் உறவினராகவும் குற்றஞ்செய்தவரின் உறவினராகவும் ஒரே வேளையில் வாழ நேர்கிறது. இக்கட்டுரை இங்கிலாந்தின் நிலையை விவரிக்கிறது.

பின்னணி

1800ஆம் ஆண்டில் லண்டன் அரங்கு ஒன்றில் மூன்றாம் ஜார்ஜ் மன்னரை நோக்கிச் சுட்ட ஜேம்ஸ் ஹாட்பீல்டு, சித்தப்பிரமை காரணமாகக் குற்றவாளியல்லர் எனத் தீர்ப்பளிக்கப்பட்டது. அவ்வாண்டே இத்தகையோரைக் காவலில் வைக்கச் சட்டம் இயற்றப்பட்டது. 1863இல் பிராட்மூர் மருத்துவமனை திறக்கப்பட்டது. பிராட்மூர், ராம்ப்டன், ஆஷ்வொர்த் ஆகிய மூன்றும் இங்கிலாந்தின் உயர் பாதுகாப்பு உளநல மருத்துவமனைகளாகும்.

துயரமும் பழியும்

உளநோயின் தாக்கத்தில் நிகழும் கொலைகளில் இறப்பவர் பலவேளை நோயாளரின் உறவினரே ஆவார். மகனால் கணவரை இழந்த தாய், ஒருவருக்காக அழவும் மற்றவரைச் சென்று காணவும் வேண்டியவராகிறார். உயிருடன் இருப்பவர் முன்போல் இல்லாத இந்நிலையை அமெரிக்க அறிஞர் பாலின் பாஸ் 'தெளிவற்ற இழப்பு' என அழைத்தார். நோயாளர் மீதான பழி குடும்பத்தார் மீதும் படிவதைச் சமூகவியலாளர் எர்விங் காஃப்மன் 1963இல் எழுதிய நூலில் விளக்கினார். இதனால் பலர் உறவினரிடமும் அண்டை வீட்டாரிடமும் பேசுவதைத் தவிர்க்கின்றனர். முன்னரே உதவி கேட்டும் கிடைக்காதவர்களிடம் சினமும், அறிகுறிகளை உணராதவர்களிடம் குற்றவுணர்வும் மிகுந்திருக்கும்.

காலவரையின்மை

சிறைத்தண்டனை பெரும்பாலும் ஒரு முடிவு நாளைக் கொண்டது. 1983ஆம் ஆண்டு உளநலச் சட்டத்தின் கட்டுப்பாட்டு ஆணைக்கு அத்தகைய நாள் இல்லை. நீதித்துறை அமைச்சரோ உளநலத் தீர்ப்பாயமோ அனுமதித்தாலன்றி நோயாளர் விடுவிக்கப்படுவதில்லை. பிற நோயாளரின் நெருங்கிய உறவினருக்கு அச்சட்டம் வழங்கிய விடுவிப்பு உரிமை இவர்களுக்கு வழங்கப்படவில்லை. உயர் பாதுகாப்பு மருத்துவமனைக்கு வருவோர் சோதிக்கப்பட்ட பின்னரே உள்ளே அனுமதிக்கப்படுவர். குழந்தைகளை அழைத்து வர முன்னனுமதி தேவை.

ஆறுதலும் ஆதரவும்

எல்லா உணர்வுகளும் துயரம் சார்ந்தவையல்ல. பல ஆண்டு அச்சத்திற்குப் பின் நோயாளர் பாதுகாப்பாக உள்ளார், மருந்து உட்கொள்கிறார் என்பது சிலருக்கு நிம்மதி தருகிறது. அந்நிம்மதியே மீண்டும் குற்றவுணர்வைத் தூண்டுவதும் உண்டு. விடுதலை நெருங்கும்போது மகிழ்ச்சியும் அச்சமும் சேர்ந்தே எழுகின்றன. நோயாளரின் இசைவின்றி அவரது மருத்துவ விவரங்களை ஊழியர் பொதுவாக வெளியிட இயலாது. ஆயினும் நோயின் தன்மை, சட்ட நடைமுறை, வருகை நேரம் போன்ற பொதுச் செய்திகளைக் கூறவும், குடும்பத்தார் கூறுவதைக் கேட்கவும் தடையில்லை.