வண்டியை இழுக்குமுன் 21 நாள்

ஜொகூர் மாநிலத்தின் ஆயர் ஈத்தாம் ஒரு சாலைச் சந்திப்பில் வளர்ந்த ஊர். வடக்கிலிருந்து ஜொகூர் பாருவுக்கு இறங்கும் பழைய கூட்டரசுச் சாலையும், பத்து பகாட்டிலிருந்து குளுவாங்குக்குப் போகும் சாலையும் இங்கேதான் சந்திக்கின்றன. 1994இல் வடக்கு தெற்கு நெடுஞ்சாலை முழுமையாகத் திறக்கப்படும் வரை, கோலாலம்பூருக்கும் சிங்கப்பூருக்கும் இடையே ஓடிய பேருந்துகள் இங்கே நின்றுதான் போகும். சாலையோரம் மண்பாண்டக் கடைகள். வட்டாரமெங்கும் ரப்பர், பின்னாளில் செம்பனை. தோட்டத்தை விட்டு வெளிவேலைக்குப் போகிறவருக்கு மோட்டார் சைக்கிள் வேண்டும். கைக்காசில் அதை வாங்க முடிந்தவர்கள் குறைவு என்பதால், வண்டியோடு மாதத் தவணையும் வீட்டுக்குள் வந்தது.

தவணை நின்றால் ஒரு கடிதம் வரும். மலாய் மொழியில் அச்சிட்ட அந்தத் தாளைப் பார்த்ததும், 'வண்டி போச்சு' என்று முடிவுகட்டி மூலையில் போட்டுவிடுகிறவர்கள் இன்றும் உண்டு. அந்தத் தாள் கடன் வாங்கியவரைக் காக்கச் சட்டம் கட்டாயமாக்கிய தாள். அது வந்து சேர்வதற்கு நூறாண்டுக்கு மேல் ஆனது.

மலாயாவில் சிறு தோட்டக்காரருக்கும் கடைக்காரருக்கும் ஆங்கிலேய வங்கியின் கதவு திறக்காத காலத்தில், கடன் கொடுத்தவர்கள் நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள். சிங்கப்பூர் மார்க்கெட் ஸ்திரீட்டின் கிட்டங்கிகளில் நீளக் கூடத்தில் வரிசையாகப் பெட்டிகள் இருக்கும். ஒரு பெட்டி என்றால் ஒரு விலாசம், ஒரு வட்டிக்கடை. முதலாளி செட்டிநாட்டில் இருப்பார், இங்கே ஏஜெண்டு கணக்குப் பார்ப்பார். கடன் வாங்குகிறவர் புரோநோட்டில் கையெழுத்துப் போடுவார், பெரிய தொகையென்றால் கிராண்டு எனப்படும் நிலப் பத்திரத்தையும் ஈடாகக் கொடுப்பார்.

ரப்பர் விலை நன்றாக இருந்தவரை இந்த ஏற்பாட்டில் இரு பக்கமும் பிழைத்தது. 1925இல் இலண்டனில் ஒரு பவுண்டு ரப்பர் 4 ஷில்லிங்கைத் தாண்டியது. 1932இல் அதே ஒரு பவுண்டு 2 பென்சுக்கும் கீழே விழுந்தது. வட்டி கட்ட முடியாத நிலங்கள் ஏலத்துக்கு வந்தன. நெல் விளைந்த பர்மாவில் இதே விலைச்சரிவுக் காலத்தின் விளைவு இன்னும் பெரியது: முக்கியமான 13 நெல் மாவட்டங்களில் 1930இல் சுமார் 6 விழுக்காடாக இருந்த செட்டியார் நிலவுடைமை, 1937இல் 25 விழுக்காட்டை எட்டியது. கடன் கொடுத்தவர்கள் விரும்பி வாங்கிய நிலமல்ல அது. பணம் திரும்பாததால் கையில் சேர்ந்தது. நிலத்தை இழந்த குடியானவனுக்கு அந்த வேறுபாடு எந்த ஆறுதலும் தரவில்லை.

அதன் பிறகுதான் அரசு கடன் பத்திரத்துக்குள் தலையிட்டது. மலாயாவின் 1951ஆம் ஆண்டு வட்டித்தொழில் சட்டம், பின்னாளில் வந்த திருத்தங்களோடு சேர்த்து, ஈடுள்ள கடனுக்கு ஆண்டுக்கு 12 விழுக்காடு, ஈடில்லாத கடனுக்கு 18 விழுக்காடு என்று வட்டிக்கு எல்லை வகுத்தது. வட்டிக்கு வட்டி கூடாது. உரிமம் இல்லாதவர் எழுதி வாங்கிய பத்திரம் நீதிமன்றத்தில் செல்லாது. ஆலோங் எனப்படும் உரிமமில்லாத வட்டிக்காரரிடம் சிக்கிய எத்தனையோ குடும்பங்களுக்கு இந்தக் கடைசி விதி இன்றுவரை தெரியாது.

பொருளைத் தவணையில் தரும் பழக்கம் வேறு வழியில் வந்தது. சிங்கர் நிறுவனம் அமெரிக்காவில் 1850களிலேயே தையல் இயந்திரத்தைத் தவணைக்கு விற்கத் தொடங்கிவிட்டது. இங்கிலாந்தில் 1895இல் பிரபுக்கள் சபை ஒரு பியானோ வழக்கில் சொன்ன தீர்ப்பு, வாடகைக் கொள்முதலுக்கு அடித்தளமானது. கடைசித் தவணை கட்டும்வரை பொருள் விற்றவருக்கே சொந்தம், வாங்கியவர் வெறும் வாடகைதாரர் என்பது அதன் சாரம். இதைப் பிடித்துக்கொண்டு சில கடைக்காரர்கள் இரண்டொரு தவணையே மீதி இருந்த நாற்காலியையும் கட்டிலையும் வீடு புகுந்து எடுத்துப் போனார்கள். எலன் வில்கின்சன் என்ற தொழிற்கட்சி நாடாளுமன்ற உறுப்பினர் 1938இல் கொண்டுவந்த சட்டம்தான் இதற்குக் கடிவாளம் போட்டது. மூன்றில் ஒரு பங்கு கட்டியிருந்தால், நீதிமன்ற ஆணை இல்லாமல் பொருளைத் தொடக்கூடாது.

மலேசியாவின் வாடகைக் கொள்முதல் சட்டம் 1967இல் இயற்றப்பட்டு 1968 ஏப்ரலில் நடப்புக்கு வந்தது. இதன் 16ஆம் பிரிவில்தான் அந்தக் கடிதம் இருக்கிறது. அடுத்தடுத்து இரண்டு தவணை தவறியிருக்க வேண்டும், அல்லது கடைசித் தவணை தவறியிருக்க வேண்டும். கடன் நிறுவனம் நான்காம் அட்டவணையில் உள்ள படிவத்தில்தான் எழுத்துமூலம் நோட்டீஸ் கொடுக்க வேண்டும். அது கைக்குச் சேர்ந்து குறைந்தது 21 நாள் கழிய வேண்டும். வாடகைதாரர் இறந்துபோயிருந்தால் நான்கு தவணை தவறும்வரை குடும்பத்தின் வாசலுக்கு வரமுடியாது. 2011இல் நடப்புக்கு வந்த திருத்தம் இன்னும் ஒரு படி போனது: ரொக்க விலையில் 75 விழுக்காட்டுக்கு மேல் கட்டியாகிவிட்டால், நீதிமன்ற ஆணை பெற்ற பிறகே வண்டியை இழுக்கலாம். இழுக்க வருகிறவரிடம் அதற்கான அனுமதி அட்டையும் இருக்க வேண்டும்.

வண்டி போனபிறகும் கதவு அடைபடுவதில்லை. அடுத்த 21 நாளுக்குள் ஐந்தாம் அட்டவணை நோட்டீஸ் வர வேண்டும். அது கைக்குக் கிடைத்து 21 நாள் ஆகும்வரை வண்டியை விற்கக்கூடாது. அதற்குள் பாக்கியையும் செலவையும் கட்டி மீட்டுக்கொள்ளலாம்.

ஆக, நோட்டீஸை எதிர்த்துக் கேட்க நாலு கேள்வி இருக்கிறது. தவணை கணக்குப்படி உண்மையிலேயே தவறியதா? படிவம் சரியா? நாள் கழிந்ததா? கட்டிய தொகை 75 விழுக்காட்டைத் தாண்டியதா? நில அடமானத்திலும் நிலைமை ஏறக்குறைய இதுதான். கூட்டரசு நீதிமன்றத்தின் 1997ஆம் ஆண்டுத் தீர்ப்பு ஒன்று, சட்டம் கேட்கும் நோட்டீஸைக் கொடுக்காத வங்கிக்கு ஏல ஆணை மறுக்கப்படலாம் என்று தெளிவாக்கியது. பாக்கித் தொகை இவ்வளவா அவ்வளவா என்ற வழக்கு மட்டும் ஏலத்தை நிறுத்தாது என்றும் அதே தீர்ப்பு சொன்னது. அதனால் வாய்வார்த்தையாகச் சண்டை போடுவதைவிட ரசீதும் தேதியும் பெரிது.

2025 ஜூலையில் மக்களவை பயனீட்டாளர் கடன் சட்டத்தை நிறைவேற்றியது. 'இப்போது வாங்கு, பிறகு கட்டு' என்று கைப்பேசியில் வரும் கடனும் பாக்கி வசூலிக்கும் நிறுவனங்களும் அதன் கண்காணிப்புக்குள் வருகின்றன. சட்டங்கள் வளர்ந்திருக்கின்றன. கடிதத்தைப் பிரித்துப் படிக்கும் வழக்கம் அந்த அளவுக்கு வளரவில்லை. தமிழ்க் குடும்பங்களில் கடன் என்றால் மானப் பிரச்சினை. அக்கம்பக்கத்துக்குத் தெரியாமல் மறைப்பதிலேயே அந்த 21 நாளும் கரைந்துபோகிறது.

அப்படிக் கரைய விடக்கூடாது. நோட்டீஸ் வந்தால் உறையோடு வைத்துக்கொள்ளுங்கள், கைக்குக் கிடைத்த தேதியை அதன்மேலேயே எழுதுங்கள். மலாய் படிக்கத் தெரிந்த பிள்ளையை உட்கார வைத்துக் கடைசி வரிவரை படிக்கச் சொல்லுங்கள். கணக்கு இடித்தால் கடன் நிறுவனத்துக்கு எழுத்திலேயே பதில் போடுங்கள். உள்நாட்டு வாணிப, வாழ்க்கைச் செலவின அமைச்சின் கிளையில் புகார் கொடுங்கள். கட்டவே முடியாத நிலை என்றால், 2006 முதல் இயங்கிவரும் ஏகேபிகே கடன் ஆலோசனை நிறுவனத்தை அணுகுங்கள். அங்கே ஆலோசனைக்குக் கட்டணம் கிடையாது.