ஒரு ஸாஉ எத்தனை கிலோ?



ரமழானின் கடைசிப் பத்து தொடங்கினால் நம்ம ஊர் வட்ஸ்அப் குழுக்களில் வருடாவருடம் வரும் விவாதம் ஒன்று உண்டு. ஸகாத்துல் பித்ர் தலைக்கு எத்தனை கிலோ? ஒருவர் 2.4 என்பார், இன்னொருவர் 2.5 என்பார், மற்றவர் பேணுதலுக்கு 3 என்பார். "அப்போ இவ்வளவு காலமும் நாங்க கொடுத்தது கூடலையா?" என்று வயதானவர்கள் கலங்குவதுதான் கவலை. பத்வா சொல்வது உலமாக்களின் பொறுப்பு. இந்த அளவு எங்கிருந்து வந்தது என்ற வரலாற்றை மட்டும் எழுதுகிறேன்.

நபி (ஸல்) அவர்கள் காலத்து மதீனாவில் தானியத்தையும் பேரீச்சம்பழத்தையும் நிறுக்கவில்லை, அளந்தார்கள். அந்த அளவுக்கு அடிப்படை மனிதனின் கை. நடுத்தர உடம்புள்ள ஒருவர் இரண்டு கையையும் சேர்த்து ஏந்தி நிறைய அள்ளினால் ஒரு முத். நான்கு முத் ஒரு ஸாஉ. நீட்டலளவையும் இப்படித்தான். ஷிப்ர் என்பது நம்முடைய சாண், திராஉ நம்முடைய முழம், பாஉ என்பது இரு கையையும் விரித்து அளக்கும் பாகம். நம்ம கடற்றொழிலாளிகள் ஆழம் சொல்வார்களே, அதே பாகம்.

ஆளுக்காள் கை வேறுபடுமே என்று கேட்கலாம். அதற்குத்தான் 'நடுத்தர' என்ற நிபந்தனை. அல்காமூஸ் என்ற புகழ்பெற்ற அரபு அகராதியைத் தொகுத்த பைரூஸாபாதி, இதைத் தானே அள்ளிப் பார்த்ததாகவும் சரியாக வந்ததாகவும் அதில் குறிப்பிட்டிருக்கிறார். அகராதிக்காரர் ஒருவர் சொல்லுக்கு அர்த்தம் எழுத முன் தானியத்துக்குள் கையை விட்டுப் பார்த்திருக்கிறார்!

பிரச்சினை மதீனாவுக்கு வெளியே போனபோதுதான் வந்தது. ஈராக்கில் புழங்கிய ஸாஉ பெரியது, 8 ராத்தல். இமாம் அபூஹனீபா (ரஹ்) அவர்கள் அதையே எடுத்தார்கள். மதீனாவின் ஸாஉ 5⅓ ராத்தல். அபூஹனீபாவின் பிரதான மாணவரும் பிரதம காழியுமான அபூயூஸுப் (ரஹ்) மதீனாவுக்கு வந்து இதை விசாரித்த சம்பவத்தை பைஹகீ பதிவு செய்திருக்கிறார். ஆதாரம் என்ன என்று அவர் கேட்க, நாளைக்குக் கொண்டு வருகிறோம் என்றார்கள். மறுநாள் முஹாஜிர், அன்ஸாரிகளின் பிள்ளைகளான ஏறத்தாழ ஐம்பது முதியவர்கள், ஒவ்வொருவரும் மேலாடைக்குள் தன் வீட்டு ஸாஉவை வைத்துக்கொண்டு வந்தார்கள். இதுதான் நபியவர்களின் ஸாஉ என்று தங்கள் தகப்பன் அல்லது குடும்ப வழியாகச் சொன்னார்கள். அபூயூஸுப் எல்லாவற்றையும் அளந்து பார்த்தார். எல்லாம் ஒன்றாக இருந்தன. தன் ஆசிரியரின் கருத்தை விட்டுவிட்டு மதீனாவின் அளவுக்கு மாறினார். ஹிஜ்ரி 182இல் வபாத்தானவர் அவர். ஐம்பது வீட்டுக் குசினிப் பாத்திரங்கள் ஒரு பிரதம காழியின் தீர்ப்பை மாற்றின!

பாத்திரம் தொலையலாம், நெளியலாம். அதனால் பிற்கால இமாம்கள் ஸாஉவை நிறையாகவும் எழுதி வைத்தார்கள். நமது ஷாபிஈ மத்ஹபிலேயே இரண்டு கணக்கு உண்டு. பக்தாத் ராத்தல் 130 திர்ஹம் என்றார் இமாம் ராபிஈ (ரஹ்). அதன்படி ஒரு ஸாஉ 693⅓ திர்ஹம். ராத்தல் 128 4/7 திர்ஹம் என்றார் இமாம் நவவீ (ரஹ்). அதன்படி 685 5/7. வித்தியாசம் எட்டுத் திர்ஹத்துக்கும் குறைவு, ஒரு கைப்பிடி அரிசிகூட வராது. இதை எழுதிய அதே நவவீ இமாம்தான், ஸாஉ என்பது கொள்ளளவு, நிறை ஒரு மதிப்பீடு மட்டுமே, தானியத்துக்குத் தானியம் நிறை மாறும் என்றும் விளக்கியிருக்கிறார்கள்.

இந்த வரிதான் நமது வட்ஸ்அப் விவாதத்துக்கு உரியது. ஒரு ஸாஉவை இன்று பலர் சுமார் 2¾ லீற்றர் என்று கணிக்கிறார்கள். அந்தப் பாத்திரத்தில் சம்பாவைப் போட்டால் ஒரு நிறை, நாட்டரிசியைப் போட்டால் இன்னொரு நிறை, கோதுமை மாவைப் போட்டால் வேறொன்று. நம்ம உம்மா, வாப்பா காலத்தில் இந்தக் குழப்பம் இவ்வளவு இருக்கவில்லை, ஏனென்றால் அவர்கள் அரிசியைக் கொத்திலும் சுண்டிலும்தான் அளந்தார்கள். அதுவும் கொள்ளளவுதான். 1970களில் மெட்ரிக் முறை வந்து கடையில் அரிசி கிலோவானது. கொள்ளளவில் இருந்த ஒரு கடமையை நிறைக்கு மாற்றவேண்டி வந்ததும் அதனால்தான். 2.4, 2.5, 3 எல்லாம் அந்த மொழிபெயர்ப்புகள்.

வீட்டில் தராசு இருப்பவர்கள் இன்றைக்கே செய்து பாருங்கள். வீட்டில் நடுத்தரக் கையுள்ள ஒருவர் நீங்கள் சாப்பிடும் அரிசியை நான்கு முறை இரு கையாலும் நிறைய அள்ளட்டும். எத்தனை கிலோ வந்தது, என்ன அரிசி என்று கீழே கொமண்ட்டில் எழுதுங்கள். பிள்ளைகளையும் கூட வைத்துக்கொண்டு அளவுங்கள், அவர்களின் கையால் அள்ளியதைத் தனியாக நிறுத்துப் போடுங்கள்.