61 சதவீதம் பேர் ‘வேண்டாம்’ என்றார்கள்



அகதிப் பிள்ளைகளைப் பற்றிப் பேசும்போது என் பழைய மாணவன் ஒருவன், “பெரும்பாலான ஜனங்க வேண்டாம்னு சொன்னா, அது சரியாத்தானே இருக்கும் டீச்சர்?” என்று கேட்டான். அவனுக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன்.

1938 நவம்பர் 9ஆம் தேதி இரவு, ஜெர்மனி முழுவதும் யூதர்களின் கடைகளும் ஜெப ஆலயங்களும் அடித்து நொறுக்கப்பட்டன. அதன் பிறகு பிரிட்டன் 17 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளை மட்டும் அனுமதித்தது. செலவைத் தனியார் ஏற்க வேண்டும். பெற்றோர் வரக் கூடாது. போர் தொடங்கும் வரை ஏறக்குறைய 10,000 பிள்ளைகள் வந்து சேர்ந்தார்கள். அவர்களை ரயிலேற்றி அனுப்பிய பெற்றோர் பலர் வதை முகாம்களில் மாண்டார்கள்.

அமெரிக்காவில் நடந்தது வேறு. 1939 ஜனவரியில் காலப் நிறுவனம், 10,000 அகதிப் பிள்ளைகளை நம் வீடுகளில் வளர்க்க அனுமதிக்கலாமா என்று மக்களிடம் கேட்டது. 61 சதவீதம் பேர் ‘வேண்டாம்’ என்றார்கள். ‘சரி’ என்றவர்கள் 30 சதவீதம்தான். செனட்டர் வாக்னரும் எடித் ராஜர்ஸ் அம்மையாரும் 20,000 பிள்ளைகளுக்காகக் கொண்டுவந்த மசோதா வாக்கெடுப்புக்கே வராமல் மடிந்தது. ஆனால் 1940இல் குண்டுவீச்சுக்குப் பயந்த பிரிட்டிஷ் பிள்ளைகளை அழைத்துவர அமெரிக்கக் கப்பல்கள் போகலாம் என்று அதே நாடு சட்டத்தைத் தளர்த்தியது. இரண்டு இடத்திலும் பிள்ளைகள்தான். யார் வீட்டுப் பிள்ளை என்பதில்தான் வித்தியாசம்.

பிராகாவிலிருந்து 1939இல் வந்தவர்களில் ஆறு வயதுச் சிறுவன் ஆல்ஃப் டப்ஸும் ஒருவர். முன்பே தப்பி வந்திருந்த தந்தை லண்டன் ரயில் நிலையத்தில் காத்திருந்தார். போர் தொடங்குவதற்குச் சற்று முன் தாயும் வந்து சேர்ந்தார். அப்படி ஒன்றுசேர்ந்த குடும்பங்கள் கொஞ்சம்தான். அவர் பின்னாளில் பிரபுக்கள் சபை உறுப்பினராகி, தனியாகத் தவிக்கும் அகதிப் பிள்ளைகளுக்காக 2016இல் ஒரு சட்டத் திருத்தம் கொண்டுவந்தார். முதலில் மறுத்த அரசு, எதிர்ப்பு வலுத்ததும் பணிந்தது; ஆனாலும் 480 பேரோடு நிறுத்திக்கொண்டது. பிள்ளைகள் பிரிட்டனில் உள்ள உறவினரோடு சேரும் உரிமையைக் காக்க அவர் 2020இல் கொண்டுவந்த திருத்தத்தை மக்களவை நிராகரித்தது.

பெரும்பான்மைக் கருத்து என்பது அன்றைய பயத்தின் அளவு. அதைக் கேட்க வேண்டும். ஆனால் அதையே நியாயம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. அந்த 61 சதவீதம் பேரும் கெட்டவர்கள் அல்லர். நம்மைப் போலவே வேலை, வீடு, பிள்ளைகள் என்று வாழ்ந்தவர்கள்தான். எனக்கு அதுதான் பயமாக இருக்கிறது.

உங்கள் பிள்ளைகளிடம் இந்தக் கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். அவர்கள் சொல்லும் பதிலை எனக்கும் எழுதுங்கள்.