திடலும் அரங்கும்: போல் ரொப்சனின் விளையாட்டு வாழ்வு

கலைஞர் ஒருவரின் வரலாற்றை எழுதுவோர் அவரது இளமைக்கால விளையாட்டுச் சாதனைகளைச் சுவையான துணைச் செய்திகளாக மட்டும் கொள்வது வழக்கம். பாடகராகவும் நடிகராகவும் உலகப்புகழ் ஈட்டிய போல் ரொப்சனைப் பொறுத்தவரை இவ்வழக்கம் பொருந்தாது. அவரது பிற்கால வாழ்வை நிர்ணயித்த முரண்பாடு முதன்முதலில் முழுமையாக வெளிப்பட்ட களம் விளையாட்டுத் திடலே எனலாம்.

ரொப்சன் 1898ஆம் ஆண்டு ஐக்கிய அமெரிக்காவின் நியூ ஜேர்சி மாநிலத்திற் பிறந்தார். அவரது தந்தையார் அடிமையாகப் பிறந்து, இளம் பருவத்திலே தப்பியோடி, பின்னர் கல்வி கற்று மதகுருவானவர். போட்டிப் பரீட்சையிற் புலமைப்பரிசில் பெற்று 1915இல் ரட்கேர்ஸ் கல்லூரியிற் சேர்ந்த ரொப்சன், அக்கல்லூரியில் அனுமதி பெற்ற மூன்றாவது கறுப்பின மாணவராவார்.

அமெரிக்க உதைபந்தாட்டம், பந்தைக் கையிலேந்தி ஓடுபவரை உடலால் மோதி வீழ்த்தும் முரட்டு ஆட்டமாகும். அவ்வாட்டத்தின் பயிற்சிக் களத்தில் ரொப்சனை எதிர்கொண்டோர் அவரது சொந்தக் கல்லூரியின் வெள்ளையின மாணவர்களே. அவர்கள் அவரது மூக்கெலும்பை உடைத்தனர். தோள்மூட்டை விலகச் செய்தனர். பத்து நாட்கள் படுக்கையிற் கிடந்து மீண்டவரின் கையை ஒருவன் சப்பாத்துக் காலால் மிதிக்க, விரல் நகங்கள் பெயர்ந்தன. இந்நிகழ்ச்சிகளை 1944இல் நினைவுகூர்ந்த ரொப்சன், தாம் தமக்காக மட்டுமன்றித் தம் இனத்து இளைஞர் அனைவருக்காகவும் அங்கு நிற்பதாகத் தந்தையார் உணர்த்தியிருந்தமையே தம்மை விலகாது தடுத்தது என்றார்.

அணியில் இடம் கிடைத்தமை சமத்துவம் கிடைத்தமையாகாது. 1916ஆம் ஆண்டு ரட்கேர்ஸ் தனது நூற்றைம்பதாவது ஆண்டு நிறைவைக் கொண்டாடியபோது, தென்மாநிலமான வேர்ஜீனியாவிலிருந்து வந்த வாஷிங்ரன் அன் லீ அணி, கறுப்பர் ஒருவர் உள்ள அணியுடன் ஆட மறுத்தது. கல்லூரி அதற்கு இணங்கி ரொப்சனை வெளியே இருத்தியது. வெற்றிக்கு அவரது உடல்வலிமை வேண்டும். விருந்தினரின் மனங்கோணாதிருக்க அவரது இருப்பு வேண்டாம். இம்முரண்பாட்டின் சுமையை அவர் பதினெட்டு வயதிலேயே தாங்க நேர்ந்தது.

எனினும் 1917, 1918 ஆகிய இரு ஆண்டுகளிலும் அகில அமெரிக்க அணிக்குத் தெரிவாகும் சிறப்பினை அவர் பெற்றார். பேஸ்போல், கூடைப்பந்தாட்டம், மெய்வல்லுநர் போட்டிகள் ஆகியவற்றிலும் கல்லூரியைப் பிரதிநிதித்துவம் செய்த அவர், 1919இல் தம் வகுப்பின் சார்பில் பட்டமளிப்பு விழாவிற் பிரியாவிடையுரை ஆற்றும் அளவிற்குக் கல்வியிலும் முதன்மை பெற்றார். கொலம்பியாவிற் சட்டம் பயின்ற காலத்தில், 1921இல் அக்ரன் அணிக்கும் 1922இல் மில்வோக்கி அணிக்கும் தொழில்முறை ஆட்டக்காரராக விளையாடினார். 1923இற் சட்டப்பட்டம் பெற்றும் நிறவெறி அத்தொழிலில் வழிவிடாமையால் அரங்கை நாடினார். 1925இல் கறுப்பின மக்களின் ஆன்மிகப் பாடல்களை மேடையேற்றினார்; 1930இல் இலண்டனிலும் 1943இல் நியூயோர்க்கிலும் ஒதெல்லோவாக நடித்தார்.

திடலிற் கண்ட முரண்பாடு இங்கும் தொடர்ந்தது. அவரது குரலைப் பாராட்டிய சமூகம் அக்குரல் எழுப்பிய அரசியற் கேள்விகளைப் பொறுக்கவில்லை. இனச் சமத்துவத்துக்காகவும் சோவியத் ஒன்றியத்துடனான நட்புறவுக்காகவும் அவர் பேசியமையால், 1950இல் அமெரிக்க அரசு அவரது கடவுச்சீட்டைப் பறித்தது. 1958 வரை அதனைத் திருப்பியளிக்கவில்லை. அக்காலத்தில் வெளியான உதைபந்தாட்டப் பதிவேடொன்றில் 1918ஆம் ஆண்டின் அகில அமெரிக்க அணி பதினொருவருக்குப் பதிலாகப் பத்துப் பெயர்களுடன் அச்சாகியது. விடுபட்ட பெயர் ரொப்சனுடையது. அவரது அரசியலை வெறுத்தோர் அவர் முப்பதாண்டுகளுக்கு முன் ஆடிய ஆட்டத்தையும் விட்டுவைக்கவில்லை.

ரொப்சன் 1976 ஜனவரியிற் காலமானார். அமெரிக்கக் கல்லூரி உதைபந்தாட்டப் புகழ்மண்டபம் அவரைச் சேர்த்துக்கொண்டது 1995இலேயே. ஆற்றலின்மையை அத்தாமதத்திற்குக் காரணமாகக் கூற எவராலும் இயலாது. விளையாட்டு அரசியலுக்கு அப்பாற்பட்டது என்னும் கூற்றினைப் பரிசீலிக்க விரும்புவோர், அந்தப் பத்துப் பெயர்ப் பட்டியலிலிருந்து தம் ஆய்வைத் தொடங்குதல் தகும்.