பதிவு எண்ணும் பயிலும் வட்டமும்

வைகையின் தென்கரையில், மதுரை மாநகரின் மேற்கு ஓரத்தில் அமைந்தது கோச்சடை. ஃபென்னர் பெல்ட் தொழிற்சாலை அமைந்த ஊர் என்றால் பலருக்கும் எளிதில் விளங்கும். ஆலையின் சங்கொலி எட்டும் தொலைவில் பிறந்து பட்டம் பெற்ற பிள்ளைகளும், சான்றிதழ்களை உறையிலிட்டுக்கொண்டு ஆற்றைக் கடந்து கோ. புதூரிலுள்ள மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்துக்குத்தான் செல்ல வேண்டியிருந்தது. அவ்வலுவலகம் எதற்காகத் தோன்றியது, என்னவாக ஆயிற்று என்பதை ஈண்டுச் சிறிது நோக்குவோம்.

இந்நிலையங்கள் படித்தவருக்காகப் பிறந்தவை அல்ல. இரண்டாம் உலகப்போர் முடிவுற்ற 1945-இல், படையிலிருந்து விடுவிக்கப்பட்ட வீரர்களை மீண்டும் குடிவாழ்க்கையில் அமர்த்தவே அவை நிறுவப்பெற்றன. 1947-இல் பிரிவினையால் வீடிழந்து வந்தோருக்கும், 1948-இல் வேலை தேடுவோர் அனைவருக்கும் அவற்றின் கதவுகள் திறக்கப்பட்டன. 1956 நவம்பரில் நிருவாகம் மாநிலங்களின் கைக்கு வந்தது.

1959-ஆம் ஆண்டுச் சட்டம், 25 பேருக்குக் குறையாமல் பணிபுரியும் தனியார் நிறுவனங்களும் தம் காலியிடங்களை அறிவிக்க வேண்டுமென்றது. அறிவிப்பது கடமை, அனுப்பப்பட்டவரை அமர்த்துவது கடமையன்று. இந்நுட்பத்தை அன்று பதிவுக்கு நின்றவர்களுள் எத்தனை பேர் உணர்ந்திருப்பர்? 1987-இல் உச்ச நீதிமன்றமும் இதனைத் தெளிவுறுத்தியது. 1996-இல், பட்டியலோடு நில்லாது செய்தித்தாள்களிலும் விளம்பரம் செய்து ஆள் தேர்தல் வேண்டுமென்று அதுவே கூறிற்று.

எனினும் தமிழகத்தில் பதிவு மூப்பு என்னும் நம்பிக்கை எளிதில் தளரவில்லை. அதற்குக் காரணமும் இருந்தது. இடைநிலை ஆசிரியர் பணிக்குப் பதிவு மூப்பே வழியாயிருந்த காலம் உண்டு; 2012-இல் ஆசிரியர் தகுதித் தேர்வு வந்த பின்னரே அந்நிலை மாறியது. மூன்றாண்டுக்கொருமுறை அட்டையைப் புதுப்பிக்க மறந்தவர் மூப்பையே இழப்பர். ஆதலின், வேலை தேடுவது என்பது நாளடைவில் அட்டையைக் காப்பதாகச் சுருங்கியது. 2023-இலும் மாநிலத்தின் பதிவேடுகளில் 60 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் இருந்தனர்.

தொழிற்கல்வி கற்றோர் நிலை இன்னும் விந்தையானது. 1966-இல் ரூபாயின் மதிப்புக் குறைக்கப்பட்டு, ஐந்தாண்டுத் திட்டங்களும் தடைப்பட்டபோது, பொறியாளரும் வேலையின்றி நிற்கும் காட்சியை நாடு கண்டது. அவர்களுக்கெனத் தனிப் பதிவலுவலகங்கள் சென்னையிலும் மதுரையிலும் உள்ளன. ஆனால், ஐந்தாண்டு காத்திருந்த பட்டதாரிக்குத் திங்கள்தோறும் 600 ரூபாய் வழங்கும் அரசின் உதவித்தொகையில் பொறியாளருக்கும் மருத்துவருக்கும் இடமில்லை. அவர்கள் தாமே பிழைத்துக்கொள்வர் என்பது அரசின் எண்ணம் போலும்.

கடல் கடந்த நாடுகளில் வேறொரு முறை எழுந்தது. அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில், உளவியலறிஞர் நாதன் அஸ்ரினும் அவர்தம் துணைவரும் வேலையற்றோரை ஒரு குழுவாகக் கூட்டினர். நாள்தோறும் கூடுவது, செய்திகளைப் பகிர்வது, ஒருவர் விண்ணப்பத்தை மற்றவர் திருத்துவது, நேர்காணலை ஒத்திகை பார்ப்பது என்பன அவர்தம் முறை. 1975-இல் வெளியான ஆய்வின்படி, இரண்டு மாதங்களில் குழுவினருள் 90 விழுக்காட்டினர் வேலை பெற்றனர். குழுவில் சேராதோருள் 55 விழுக்காட்டினரே பெற்றனர். 1984-இல் பிரிட்டன் அரசு இதனைப் பொதுச்செலவில் மேற்கொண்டது. வேலை தேடுவதையே ஒரு வேலையாகக் கொள்ளச் செய்ததுதான் இதன் சிறப்பு.

நம்மிடம் இதற்கு ஒப்பானது உண்டா? மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகங்களில் இயங்கும் தன்னார்வப் பயிலும் வட்டங்களை ஒருவாறு கூறலாம். கட்டணமின்றிப் பாடம், போட்டித்தேர்வு நூல்கள், எல்லாவற்றுக்கும் மேலாகத் தோழமை. வேலையில்லாதவனைத் தின்பது வறுமை மட்டுமன்று, தனிமையுந்தான். தெருவில் 'இன்னும் ஒன்றும் அமையவில்லையா?' என்னும் வினாவுக்கு அஞ்சி வீட்டுக்குள் ஒடுங்குபவனுக்கு, தன்னைப் போன்ற முப்பது பேர் அமர்ந்திருக்கும் ஓர் அறை எத்துணைப் பெரிய ஆறுதல்!

ஆயினும் அவ்வட்டம் பயிற்றுவிப்பது பெரும்பாலும் அரசுத் தேர்வாணையத் தேர்வுகளையும், காவல்துறை, வங்கித் தேர்வுகளையுமே. ஆலையை இழந்த நாற்பது வயதுப் பொறியாளர் அங்கே சென்று குரூப் நான்கு வினாத்தாளையா புரட்டுவார்? தனியார் வேலைக்கென 2020-இல் அரசு ஓர் இணையதளம் தொடங்கியது; வெள்ளிக்கிழமைகளில் சிறு முகாம்களும் நடைபெறுகின்றன. முகாம் அன்றே கலைந்துவிடும். அன்று வேலை கிடைக்காதவர், மறுநாள் காலை மீண்டும் கூடித் தேடுவதற்கு ஓர் அறையும் ஒரு தொலைபேசியும் புதூர் அலுவலகத்தில் ஒதுக்கினால், அதற்காகும் செலவு பெரிதன்று.