சீனாவின் நிலமும் நீரும்

சீனாவின் பரப்பு சுமார் 96 லட்சம் சதுர கிலோமீட்டர். உலகின் மிகப் பெரிய நாடுகளில் ஒன்றாக இருந்தும், அதில் மக்கள் நெருங்கி வாழும் நிலம் பாதிகூடத் தேறாது. 1935இல் புவியியலாளர் ஹு ஹுவான்யோங் நாட்டுப் படத்தின் மேல் ஒரு கோடு இழுத்தார். வடகிழக்கில் ரஷ்ய எல்லையோரம் இருக்கும் ஐஹுயில் (இன்றைய ஹெய்ஹே) தொடங்கி, தென்மேற்கில் பர்மா எல்லையருகே உள்ள தெங்சொங் வரை செல்லும் சாய்வான கோடு அது. அன்றைய கணக்கில் கோட்டுக்குக் கிழக்கே நிலத்தில் 36 விழுக்காடும் மக்களில் 96 விழுக்காடும் இருந்தன. அதன் பிறகு போரும் புரட்சியும் ஆலைகளும் அதிவேக ரயிலும் வந்தன. கோடு மட்டும் அசையவில்லை. காரணம் எளியது. ஆண்டுக்கு ஏறக்குறைய 400 மி.மீ. மழை பெய்யும் எல்லையை ஒட்டியே அந்தக் கோடு ஓடுகிறது. அதற்கு மேற்கே மானாவாரி வேளாண்மை பிழைக்காது.

நிலம் மேற்கிலிருந்து கிழக்காக மூன்று படிகளாக இறங்குகிறது. முதற்படி, சராசரி 4,000 மீட்டருக்கும் மேல் உயரமுள்ள திபெத்தியப் பீடபூமி. யாங்சி, மஞ்சள் ஆறு (ஹுவாங் ஹே), மீகாங், சல்வீன், பிரம்மபுத்திரா, சிந்து, சட்லெஜ் ஆகியவை பிறப்பது இங்கேதான். இரண்டாம் படியில் 1,000 முதல் 2,000 மீட்டர் உயரத்தில் மேட்டுநிலங்களும் வடிநிலங்களும் தக்லமக்கான், கோபி பாலைகளும் உள்ளன. மூன்றாவது, கடலை நோக்கி விரியும் கிழக்குச் சமவெளி. பேரரசுகளும் பஞ்சங்களும் பெரும்பாலும் இந்தப் படிக்கு உரியவை.

கிழக்குப் பாதியைக் குறுக்காக இன்னொரு கோடு பிரிக்கிறது: சின்லிங் மலைத்தொடரும் ஹுவாய் ஆறும். இதற்குத் தெற்கே நெல், வடக்கே கோதுமை. தெற்கே மழை 800 மி.மீ.க்கு மேல், வடக்கே அதற்குக் கீழ், அதுவும் கோடையின் சில வாரங்களில் கொட்டித் தீர்த்துவிடும். நாட்டின் நீரில் சுமார் ஐந்தில் நான்கு பங்கு யாங்சி வடிநிலத்திலும் அதற்குத் தெற்கிலும் இருக்கிறது. விளைநிலத்தில் பாதிக்கும் மேல் வடக்கே. யாங்சி (சுமார் 6,300 கி.மீ.) ஆண்டுக்கு ஏறத்தாழ 96,000 கோடி கன மீட்டர் நீரைக் கொண்டுபோகிறது. மஞ்சள் ஆற்றின் (5,464 கி.மீ.) இயல்பான நீர் சுமார் 5,800 கோடி கன மீட்டர்தான், பதினாறில் ஒரு பங்கு. நீளத்தை மட்டும் பார்த்து இரண்டையும் ஒரு தட்டில் வைப்பவர்கள் ஏமாந்துபோவார்கள். சீனாவின் நீர் வரலாற்றை எழுதும்போது பாதிக்கு மேல் இந்தச் சிறிய ஆற்றைப் பற்றியே எழுத வேண்டியிருப்பதும் வேடிக்கைதான்.

அடைப்பதா, விடுவதா

சீனத் தொன்மத்தின்படி, பெருவெள்ளத்தை அடக்கச் சொல்லி அரசர் முதலில் கூன் என்பவரை ஏவினார். அவர் கரைகளை உயர்த்தி நீரை அடைத்தார்; கரைகள் உடைந்தன. அவர் மகன் யூ கால்வாய் வெட்டி, நீரைக் கடலுக்குப் போக விட்டார். பதின்மூன்று ஆண்டு வேலையில் மூன்று முறை தன் வீட்டு வாசலைக் கடந்தும் உள்ளே நுழையவில்லை என்பது கதை. யூ தான் சியா வம்சத்தின் முதல் அரசர் என்று மரபு சொல்கிறது. ஆற்றை ஆளத் தெரிந்தவனே நாட்டை ஆளத் தகுந்தவன் என்ற எண்ணம் இவ்வளவு பழையது. தந்தைக்கும் மகனுக்கும் இடையிலான அந்த வழக்கு இன்னும் தீர்ந்தபாடில்லை.

யூவின் வழிக்கு நிலைத்த சான்று, சிச்சுவானில் மின் ஆற்றின் மேல் அமைந்த துஜியாங்யான். கி.மு. 256 அளவில் சின் அரசின் ஆளுநர் லீ பிங் தொடங்கிய இந்த அமைப்பில் ஆற்றை மறிக்கும் அணை கிடையாது. ஆற்று நடுவே மீன் வாய் போன்ற கூர்முனைத் திட்டு ஒன்று நீரை இரண்டாகப் பிரிக்கிறது. உட்பக்கக் கால் குறுகியது, ஆழமானது. வெளிப்பக்கக் கால் அகன்றது, ஆழம் குறைந்தது. ஆற்றில் நீர் குறைந்த காலத்தில் பெரும்பங்கு உட்காலில் இறங்கி வயலுக்குப் போகும். வெள்ளம் வரும்போது பெரும்பங்கு அகன்ற காலில் தானே வடிந்துவிடும். உட்காலில் மிஞ்சிய நீரும் மணலும் வழியில் உள்ள தாழ்ந்த கலிங்கின் மேல் வழிந்து வெளியேறும். வயலுக்குப் போகும் வாய், மலையைப் பிளந்து வெட்டியது. வெடிமருந்து இல்லாத காலம் அது. பாறையைத் தீயிட்டுச் சூடாக்கி, நீரூற்றிக் குளிர்வித்து, விரிசல் விடவைத்து உடைத்தார்கள். கரைகள் மூங்கில் கூடைகளில் கல் நிரப்பி அடுக்கியவை. ஆண்டுதோறும் குளிர்காலத்தில் ஒரு காலை வற்றவைத்துத் தூர் வாருவது வழக்கம். எவ்வளவு ஆழம் வார வேண்டும் என்பதற்கு ஆற்றடியில் இரும்புத் தண்டுகளைப் புதைத்து வைத்திருக்கிறார்கள். தண்டு தெரிந்தால் போதும், நிறுத்திவிடலாம். செங்டு சமவெளி இன்றும் இந்த நீரில்தான் விளைகிறது. 2008 நிலநடுக்கத்தில் மீன்வாய்த் திட்டில் சில விரிசல்களே விழுந்தன.

பத்து ஆண்டு கழித்து, கி.மு. 246இல், அதே சின் அரசு வெய் ஆற்றுச் சமவெளியில் வெட்டத் தொடங்கிய கால்வாய்க்குப் பின்னால் ஓர் ஒற்றர் கதை உண்டு. பக்கத்து ஹான் அரசு, சின்னின் ஆட்பலத்தையும் பணத்தையும் தீர்த்துவிடலாம் என்று எண்ணி, ஜெங் குவோ என்ற பொறியாளரை அனுப்பிப் பெரிய கால்வாய்த் திட்டத்தைத் தலையில் கட்டியது. சூது வெளிப்பட்டபோது, ‘ஒற்றன்தான், ஆனால் கால்வாய் உங்களுக்கே லாபம்’ என்ற பொருளில் அவர் வாதாடினார் என்று வரலாற்றாசிரியர் சிமா சியான் பதிந்திருக்கிறார். வாதம் எடுபட்டது. கால்வாய் முடிந்தது, விளைந்த தானியம் சின் படைகளுக்குச் சோறு போட்டது, முதலில் விழுந்த நாடு ஹான். பிற்காலத்தில், சூய் பேரரசர் யாங் கி.பி. 605க்கும் 610க்கும் இடையே பழைய கால்வாய்களை இணைத்துப் பெருங்கால்வாயை உருவாக்கினார். தெற்கின் அரிசியை வடக்கின் தலைநகருக்கும் எல்லைப் படைக்கும் கொண்டுபோகும் பாதை அது. யுவான் வம்சக் காலத்தில் அது பெய்ஜிங்வரை நேராக்கப்பட்டது.

தலைக்கு மேல் ஓடும் ஆறு

மஞ்சள் ஆற்றுக்கு அந்தப் பெயரைத் தந்தது லோயஸ் மேட்டுநிலம். பாலைக்காற்று பல லட்சம் ஆண்டுகளாக அள்ளி வந்து குவித்த மாவு போன்ற மஞ்சள் மண், சுமார் 6.4 லட்சம் சதுர கி.மீ. பரப்பில் படிந்திருக்கிறது. வளமான மண், கரைய ஒரு மழை போதும். புல்லும் மரமும் போய் உழவு வந்தபின், கோடை மழை அதை ஓடையோடையாக அறுத்து ஆற்றில் தள்ளியது. இருபதாம் நூற்றாண்டின் நடுவில் எடுத்த அளவுகளின்படி, ஆண்டுக்கு 160 கோடி டன் வண்டல்; ஒரு கன மீட்டர் நீரில் சராசரி 35 கிலோ. வண்டல் என்றதும் நம் வாயில் வளம் என்ற சொல் வரும். இங்கே அது ஆற்றின் நோய். சமவெளிக்கு வந்ததும் நீரின் வேகம் குறைகிறது, மண் அடியில் படிகிறது, படுகை உயர்கிறது, ஊரார் கரையை உயர்த்துகிறார்கள், படுகை மறுபடி உயர்கிறது. கைஃபெங் நகரருகே ஆற்றுப் படுகை நகரத் தரையைவிடப் பல மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ‘தொங்கும் ஆறு’ என்றே சீனர்கள் சொல்கிறார்கள்.

இப்படி ஓடும் ஆறு கரையை உடைத்தால் திரும்பி வராது. கடந்த 2,500 ஆண்டுகளில் 1,500 முறைக்கு மேல் உடைப்பு ஏற்பட்டதாகவும், 26 முறை ஆறு தடம் மாறியதாகவும் சீன மரபுக் கணக்கு. கி.மு. முதல் நூற்றாண்டின் இறுதியில் ஜியா ராங் என்பவர், கரையோரக் குடிகளை அப்புறப்படுத்தி ஆற்றுக்கு இடம் விடுவதே முதல்தரத் தீர்வு என்றும், கரையை உயர்த்திக்கொண்டே போவது கடைத்தரம் என்றும் அரசவைக்கு எழுதிக்கொடுத்தார். பதினாறாம் நூற்றாண்டில் மிங் வம்ச அதிகாரி பான் ஜிசுன் எதிர்ப்பக்கம் வாதாடினார்: கரைகளை நெருக்கிக் கட்டினால் நீர் வேகம் பெறும், வேகமான நீரே வண்டலை அரித்துக் கடலுக்குத் தள்ளும். இருவரிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஜியா ராங்கின் யோசனைக்குத் தேவையான காலி நிலம்தான் அதற்குப் பிறகு எந்த அரசுக்கும் கிடைக்கவில்லை.

கரையை இயற்கை மட்டும் உடைக்கவில்லை. 1128இல் ஜுர்சென் படையைத் தடுக்க சுங் வம்ச அதிகாரிகள் உடைத்தார்கள். ஆறு தெற்கே திரும்பி ஹுவாயில் புகுந்தது. எழுநூறு ஆண்டுகளுக்கு மேல் ஹுவாயின் வாயிலேயே வண்டலைக் கொட்டிவிட்டு, 1855இல் மீண்டும் வடக்கே போஹாய் கடலுக்குப் போனது. ஹுவாயின் சொந்த முகத்துவாரம் அதற்குள் தூர்ந்துபோயிருந்தது. அதன் நீரில் பெரும்பகுதி இன்றும் யாங்சியில்தான் சேர்கிறது. 1642இல் முற்றுகையின்போது கரையை உடைத்ததில் கைஃபெங் நகரம் மூழ்கி, லட்சக்கணக்கானோர் இறந்தனர். 1938 ஜூனில் ஜப்பானியர் முன்னேறுவதைத் தடுக்க, சியாங் கை-ஷேக்கின் படை ஹுவாயுவான்கோவில் கரையைத் தகர்த்தது. எதிரிப் படை சில மாதம் தாமதித்தது. இறந்த சொந்த மக்கள் குறைந்தது நான்கு லட்சம் என்பது பல ஆய்வாளர்களின் மதிப்பீடு. கரையை அடைத்து ஆற்றைப் பழைய தடத்துக்குத் திருப்ப 1947 ஆயிற்று.

அணைகளின் காலம்

1949க்குப் பிந்தைய அரசு, ஆற்றை நிரந்தரமாக அடக்கிவிட முடியும் என்று நம்பியது. முதல் பெரிய சோதனை மஞ்சள் ஆற்றின் மேல் சான்மென்சியா அணை. சோவியத் வல்லுநர் வடிவமைப்பு. 1957இல் வேலை தொடங்கி 1960இல் நீர் தேக்கப்பட்டது. வண்டல் நீர்த்தேக்கத்தை நிரப்பிவிடும், மேலே வெய் ஆற்றுச் சமவெளி மூழ்கும் என்று நீரியல் பேராசிரியர் ஹுவாங் வான்லி முன்கூட்டியே வாதாடினார். குறைந்தபட்சம் அடிமதகுகளையாவது அடைக்காதீர்கள் என்றும் கேட்டார். 1957இலேயே அவருக்கு ‘வலதுசாரி’ முத்திரை விழுந்தது. அணை நிரம்ப நெடுநாள் பிடிக்கவில்லை. நீரால் அல்ல, சேற்றால். கான்கிரீட் போட்டு அடைத்த அடிமதகுகளை எழுபதுகளில் மறுபடி குடைந்து திறந்தார்கள். கூன் தோற்ற அதே இடத்தில் கான்கிரீட்டும் தோற்றது எனலாம்.

1975 ஆகஸ்டில் நீனா சூறாவளியின் மழையில் ஹெனான் மாகாணத்தின் பான்சியாவ் அணையும் அதைச் சுற்றி அறுபதுக்கு மேற்பட்ட அணைகளும் ஒரே இரவில் உடைந்தன. அரசுக் கணக்கில் இறந்தவர் சுமார் 26,000. பின்வந்த பட்டினியையும் நோயையும் சேர்த்தால் ஒன்றரை லட்சத்தைத் தாண்டும் என்பது வேறு மதிப்பீடுகள். பல ஆண்டுகள் இது பற்றி வெளியே பேச்சே இல்லை.

யாங்சியின் மூன்று பள்ளத்தாக்கு அணை சுன் யாட்-சென் 1919இல் எழுதிய யோசனை. 1992இல் தேசிய மக்கள் பேராயத்தின் வாக்கெடுப்பில் 1,767 பேர் ஆதரவு, 177 பேர் எதிர்ப்பு, 664 பேர் நடுநிலை. ஏகமனதாகக் கைதூக்கிப் பழகிய அவையில் இது கிட்டத்தட்டக் கலகம். 1994இல் தொடங்கிய அணை 22,500 மெகாவாட் திறன் கொண்டது. சுமார் 13 லட்சம் பேர் இடம்பெயர்ந்தனர். யாங்சியின் பைஜி ஓங்கில்களில் 2006இல் நடந்த தேடலில் ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. சீனத் துடுப்புமீன் அழிந்துவிட்டதாக 2022இல் அறிவிக்கப்பட்டது. இந்த இழப்புகளுக்கு அணையை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. கப்பல்கள், கட்டுமீறிய மீன்பிடிப்பு, ஆலைக்கழிவு எல்லாவற்றுக்கும் பங்குண்டு. 2021 முதல் பத்தாண்டு மீன்பிடித் தடை நடப்பில் இருக்கிறது. யாங்சியின் முதுகுத்துடுப்பற்ற கடற்பன்றிகளின் எண்ணிக்கை 2017இல் 1,012, 2022இல் 1,249.

வற்றிய ஆறும் கடன் வாங்கிய நீரும்

வெள்ளத்துக்குப் பெயர்போன மஞ்சள் ஆறு 1972இல் கடலைத் தொடாமல் நின்றது. பாசனமும் நகரங்களும் வழியெல்லாம் உறிஞ்சியதால், 1999 வரை 22 ஆண்டுகளில் இப்படி நேர்ந்தது. 1997இல் 226 நாள் கழிமுகம் வறண்டு கிடந்தது. ஆற்றின் கடைசி 700 கி.மீ. வெறும் மணல். அதன் பிறகு மாகாணவாரிப் பங்கீட்டைக் கண்டிப்பாக்கியதில் வற்றுவது நின்றது. லோயஸ் சரிவுகளில் படிக்கட்டு வயல்களும் மரநடுகையும் வண்டல் மறிப்புச் சிற்றணைகளும் வந்தபின், வண்டல் பழைய அளவில் நான்கில் ஒரு பங்குக்கும் கீழே போயிற்று. சியாவோலாங்டி அணையிலிருந்து 2002 முதல் ஏறக்குறைய ஆண்டுதோறும் நீரைத் திட்டமிட்டுப் பாய்ச்சிப் படுகையை அரிக்கவைக்கிறார்கள். பான் ஜிசுன் சொன்னதைத்தான் இப்போது அணைக்கதவு செய்கிறது.

யாங்சி மேல்பகுதிக் காடுகளுக்கு விடிவு தந்தது 1998 பெருவெள்ளம். மரம் வெட்டியதும் ஏரிகளைத் தூர்த்து வயலாக்கியதும் வெள்ளத்தைப் பெருக்கின என்று அரசே ஒப்புக்கொண்டு, இயற்கைக் காடுகளில் வெட்டுக்குத் தடை போட்டது. மறு ஆண்டு, சரிவு நிலத்தை உழாமல் விட்ட குடியானவருக்குத் தானியமும் பணமும் கொடுக்கத் தொடங்கியது. கழிவைப் பொறுத்தவரை விழிப்பு இன்னும் பிந்தியே வந்தது. 2005இல் சொங்ஹுவா ஆற்றில் பென்சீன் கலந்து ஹார்பின் நகரில் நான்கு நாள் குழாய் நீர் நின்றது. 2007இல் தாய் ஏரியின் பாசியால் வுசி நகரத்துக்குக் குடிநீர் இல்லை.

வடசீனச் சமவெளி ஆறு போதாமல் ஆழ்குழாய்க் கிணற்றுக்குப் போனது. நீர்மட்டம் இறங்கித் தரையும் பல இடங்களில் அமிழ்ந்தது. தெற்கில் மிகுந்ததை வடக்கு கடன் வாங்கினால் என்ன என்று மாவோ 1952இல் கேட்டது 2002இல் திட்டமாயிற்று. கிழக்குப் பாதை பெருங்கால்வாயின் பழைய தடத்தில் 2013இல் ஓடத் தொடங்கியது. நடுப்பாதை 2014 டிசம்பரில் திறந்தது. ஹான் ஆற்றின் டான்ஜியாங்கோவ் அணையை உயர்த்தி, மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைக் குடிபெயர்த்து, மஞ்சள் ஆற்றின் அடியில் சுரங்கம் குடைந்து, 1,432 கி.மீ. தூரத்துக்கு நீர் கொண்டுபோகும் பாதை அது. பெய்ஜிங் வீடுகளின் குழாயில் பெரும்பகுதி இன்று இந்த நீர்தான். நகரின் நிலத்தடி நீர் ஏறத் தொடங்கியிருக்கிறது. கொடுத்த ஹான் ஆற்றுக்கு யாங்சியிலிருந்து நீர் கொண்டுவர இப்போது இன்னொரு சுரங்கம் வெட்டுகிறார்கள்.

2025 ஜூலையில் திபெத்தில் யார்லுங் சாங்போ ஆறு பெருவளைவாகத் திரும்பும் பகுதியில் நீர்மின் திட்ட வேலை தொடங்கியது. மதிப்பீடு 1,20,000 கோடி யுவான். மூன்று பள்ளத்தாக்கு அணையைவிடப் பெரியது. அந்த ஆறு எல்லை தாண்டியதும் அருணாசலத்தில் சியாங், அசாமில் பிரம்மபுத்திரா, வங்கதேசத்தில் ஜமுனா. இந்தியாவுக்கும் சீனாவுக்கும் இடையே நீர்ப் பங்கீட்டு ஒப்பந்தம் எதுவும் கிடையாது. வெள்ளக் காலத்தில் நீர்மட்ட விவரம் பகிர்ந்துகொள்ள 2002இல் ஒரு புரிந்துணர்வு உடன்படிக்கை கையெழுத்தாகி அவ்வப்போது புதுப்பிக்கப்பட்டு வந்தது. அதன் காலமும் 2023இல் முடிந்தது.